முப்பதாயிரத்து முப்பத்தொன்று

கணக்கு ஆசிரியர்களாக இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேராவது என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், வினாத்தாள் எடுக்கும்போது எதைக் கவனிக்கணும்?" எழுத்துப் பிழை, மதிப்பெண் கூட்டுத்தொகை, பாடப்பகுதி என்று ஒரு பட்டியல் சொல்லலாம். அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதற்குப் பதிலாக, நான் தப்பாகக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். பணி ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருந்தபோது நடந்தது. படித்துவிட்டு என்னைப் பற்றிக் கொஞ்சம் மட்டமாக நினைத்தாலும் பரவாயில்லை.

அப்போது கோவில்பட்டியில் எங்கள் பள்ளியும், எட்டயபுரத்திலிருந்து புதூர் வரை சுற்றியிருந்த ஆறு பள்ளிகளும் சேர்ந்து, பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு நடத்துவோம். கணக்குத் தாள் எடுப்பது நான். பல வருடங்களாக நானேதான். "சாரு பேப்பரா? அப்ப கடைசிக் கேள்வியில ஏதாவது வச்சிருப்பாரு" என்று மற்றப் பள்ளி ஆசிரியர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வரும். எனக்கு அதில் ஒரு பெருமை. கடைசிக் கட்டாய வினாவில் என் கையெழுத்தைப் போடுவது மாதிரி ஒன்றைப் போட்டுவிடுவேன்.

அந்த வருடம் போட்டது ஒரு பெரிய எண். அது வந்த வழி இதுதான். 2-ஐயும் 3-ஐயும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 7. அடுத்த பகா எண்ணான 5-ஐயும் சேர்த்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 31. அப்புறம் 7-ஐயும் சேர்த்தால் 211. பதினொன்றையும் சேர்த்தால் 2311. நான்கும் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று விளக்குவதற்காக வருடாவருடம் இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த வருடம் ஒரு படி மேலே போகலாம் என்று பதின்மூன்றையும் சேர்த்தேன். 30031 வந்தது.

"30031 ஒரு பகா எண் எனக் காட்டுக." ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில் நான் எழுதியது: 2, 3, 5, 7, 11, 13 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வருகிறது. எனவே பகா எண்.

வகுத்துச் சரிபார்த்தேனா? இல்லை. நான்கு தடவை சரியாக வந்தது ஐந்தாவது தடவை வராமலா போகும் என்ற நினைப்பு. என்னிடம் யாராவது மாணவன் இப்படிச் செய்திருந்தால் அவனைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருப்பேன்.

விடைத்தாள்களைப் பள்ளிகளுக்குள் மாற்றிக்கொள்வது வழக்கம். புதூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கட்டு எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் நான் எதிர்பார்த்தபடியே எழுதியிருந்தார்கள். ஆறு வகுத்தல், ஆறு மீதி, எனவே பகா எண். டிக், ஐந்து. டிக், ஐந்து.

ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. காளீஸ்வரி என்று பெயர். முன்பக்கத்துச் சிறு வினாக்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. நடுவில் வடிவியல், வரைபடம் எதையும் தொடவில்லை. கடைசி வினாவுக்கு மூன்று பக்கம். மூன்று பக்கமும் வகுத்தல். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேல் வைத்து மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: "எனவே 30031 ஒரு பகா எண் ஆகும்."

நிரூபணம் இல்லை, பூஜ்யம் என்று போட்டேன். மொத்தம் 29. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அடுத்த தாளை எடுத்தேன். எடுத்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி இவளுடைய தாளைத் திருப்பினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. அவ்வளவு நேர்கோடாக அடித்திருந்தது கண்ணில் நின்றிருக்கலாம். மூன்றாம் பக்கத்தின் அடியில், கோட்டுக்குப் பின்னால், 59-ஆல் வகுத்திருந்தாள். ஈவு 509. மீதி 0. அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதையும் சேர்த்து அடித்திருந்தாள்.

பிள்ளை வகுத்தலில் தப்புச் செய்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் 59-ஐயும் 509-ஐயும் பெருக்கினேன். 30031. கைபேசியை எடுத்துப் பெருக்கினேன். 30031.

எதிரே இருந்த தமிழாசிரியர், "என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார். நான் விடைக்குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன்.

ஆறு எண்களால் வகுபடவில்லை என்றால், அந்த ஆறால் வகுபடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏழாவதாக ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாம். பகா எண்களுக்கு முடிவில்லை என்ற பழைய நிரூபணமும் அவ்வளவுதான் சொல்கிறது: அந்த எண்ணோ, அதற்குள் இருக்கும் ஒரு காரணியோ, நம் பட்டியலில் இல்லாத புதிய பகா எண்ணாக இருக்கும். இத்தனை வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்த நான், அதன் பாதியை மறந்துவிட்டு வினாத்தாள் எடுத்திருக்கிறேன். இந்தப் பிள்ளை பதினேழில் தொடங்கி ஐம்பத்து மூன்று வரை பத்துப் பகா எண்களால் வகுத்து, பதினொன்றாவதில் அதைப் பிடித்திருக்கிறாள். அதற்கு ஒரு மணி நேரமாவது போயிருக்கும். மற்ற வினாக்களை எழுத நேரமில்லை. பிடித்த பிறகு, வினாத்தாளில் 'பகா எண் எனக் காட்டுக' என்று அச்சில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்கேலை எடுத்திருக்கிறாள்.

தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் வரலாற்று ஆசிரியையாக இருந்து வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "எனக்குக் கணக்கு வராது சார், பத்தாவதுல முப்பத்தாறு வாங்கித் தப்பிச்சவ" என்று எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார். தாளைக் காட்டி விளக்கினேன். கேட்டு முடித்ததும் மேசையில் இருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சரி, என்ன செய்யலாம்னு நினைக்கீங்க?"

"விடைக்குறிப்பத் திருத்தி நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருதேன் மேடம். அந்தக் கேள்வியத் தொட்ட எல்லாருக்கும் அஞ்சு மார்க் குடுத்திருவோம்."

"மார்க்கு சரியாயிரும். அந்த எண்ணு பகா எண் இல்லன்னு பிள்ளைகளுக்கு யாரு சொல்லுவா?"

"அந்தந்த டீச்சர்மார் சொல்லிருவாங்க."

"சொல்ல மாட்டாங்க சார். நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன். அரையாண்டு வருது, பாடம் முடிக்கணும்னு போயிருவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க போங்க. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் பள்ளி வேலையா வெளிய போறதா ஓ.டி. போட்டுத் தாரேன். உங்க வகுப்ப நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க கணக்கு எடுப்பீங்களா மேடம்?"

"வரலாறு எடுப்பேன். கணக்குல தப்புப் பண்ணுனவங்க வரலாறு."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: போக எனக்கு விருப்பமில்லை. குரூப்பில் ஒரு வரி போட்டால் முடிகிற காரியம். ஆறு பள்ளிகளில், என் தாளைப் பார்த்துப் பயந்த ஆசிரியர்கள் முன்னால், பிள்ளைகள் முன்னால், தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் போய் நேரம் விசாரித்ததுகூட, இரண்டு நாளில் ஆறு ஊருக்குப் பஸ் கிடைக்காது என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசையில்தான். கிடைத்தது.

திங்கட்கிழமை நான்கு பள்ளிகள். எட்டயபுரத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் எழுந்து, "அப்ப எங்க மார்க்கக் குறைப்பீங்களா சார்?" என்று கேட்டான். குறைக்கமாட்டோம் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். இன்னோர் ஊரில், எனக்குப் பல வருடப் பழக்கமான ஆசிரியர், "இதுக்காவா அண்ணாச்சி பஸ் ஏறி வந்தீங்க? ஒரு போன் அடிச்சா நான் சொல்லியிருக்க மாட்டனா?" என்று கோபித்துக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் அவரே, "நல்லவேளை நீங்க வந்தீங்க. நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்று காதோடு சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை நாகலாபுரத்தை முடித்துக்கொண்டு, மதியம் கடைசிப் பள்ளிக்குப் போனேன். காளீஸ்வரியின் பள்ளி. திருத்திய கட்டும் என் பையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மைல் நடை. மழைக்கு ஊறிய கரிசல் மண் செருப்பில் ஒட்டி, கால் இரண்டும் தூக்க முடியாமல் கனத்தது. வாசலில் ஒரு குச்சியை எடுத்துச் சேற்றைச் சுரண்டிவிட்டு உள்ளே போனேன்.

அங்கே கணக்கு எடுத்தவர் ஓர் இளம் ஆசிரியை. வேலைக்கு வந்து மூன்று வருடம். இப்போது உங்களில் சிலருக்கு இருக்கிற வயது. நான் விஷயத்தைச் சொன்னதும் தாளை வாங்கிப் பார்த்தார். நான் சனிக்கிழமையே அனுப்பிய மதிப்பெண்களை வைத்து அவர் போட்ட பட்டியல் ஒன்று பக்கத்தில் இருந்தது. மெல்லக் கற்போர் பட்டியல். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்து, பொதுத்தேர்வு வரை குறிப்பிட்ட சில கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பதினோரு பெயர். நான்காவது பெயர் காளீஸ்வரி.

"அஞ்சு மார்க் சேத்தாலும் முப்பத்தி நாலுதான் சார் வருது," என்றார்.

"தெரியும் டீச்சர். ஆனா பத்துப் பகா எண்ணால வகுத்துப் பாத்த பிள்ளைய, கணக்கப் புரிஞ்சுக்கிட வேண்டாம், மனப்பாடம் பண்ணுன்னு உக்கார வைக்கலாமா?"

"முப்பத்தஞ்சுக்குக் கீழன்னா பட்டியல்ல சேக்கணும். அதுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு." பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், நான் ஒன்னு கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. நீங்க இந்த ஒரு பிள்ளைக்காகப் பேசுதீங்க. பட்டியல்ல இன்னும் பத்துப் பிள்ளைக இருக்கு. அந்தப் பத்துத் தாளயும் நீங்கதான திருத்துனீங்க? அதுல அடிச்சு வச்சதப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. அதனால் என் கண் அதன் மேல் நிற்பதே இல்லை. முப்பது வருடமாக அப்படித்தான். காளீஸ்வரியின் கோடு நேராக இருந்ததால் பார்த்தேன். மற்றவர்களின் கோடு கோணலாக இருந்திருக்கும்.

"படிக்கல டீச்சர்," என்றேன்.

"அப்ப வாங்க, ரெண்டு பேரும் படிப்போம்."

மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதைத்தான் செய்தோம். அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். பத்துத் தாளில், அடித்த பகுதியை மட்டும் படித்தோம். பலவற்றில் ஒன்றுமில்லை. வெறும் தடுமாற்றம்தான். ஆனால் ஒரு பையன் கூட்டுத்தொடர் கணக்கைக் கடைசிவரை சரியாகப் போட்டு, விடை பின்னமாக வந்துவிட்டதே என்று அடித்திருந்தான். விடை பின்னம்தான். இன்னொரு பெண் ஒரே கணக்கை மூன்று வழியில் தொடங்கி, மூன்றும் சரியான வழிகள், மூன்றையும் பாதியில் அடித்திருந்தாள்.

"இவன் வகுப்புல வாயே தெறக்க மாட்டான் சார்," என்று அந்தப் பையனின் தாளைப் பிடித்துக்கொண்டு சொன்னார் ஆசிரியை. "இவனுக்கு ஒன்னுமே தெரியாதுன்னுல்லா நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அடித்த விடைகளுக்காக மதிப்பெண்ணை நாங்கள் மாற்றவில்லை. அது விதிமீறல். ஆனால் பட்டியல் அவர் பொறுப்பு. மூன்று பெயருக்கு எதிரே 'வகுப்பிலேயே தொடரட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொதுத்தேர்வில் மூன்று பேரும் வெளுத்து வாங்கினார்கள் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். நான் விசாரிக்கவில்லை. மீதி எட்டுப் பெயர் அப்படியே பட்டியலில் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசிப் பாடவேளையில் என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனார். மற்ற ஐந்து பள்ளிகளில் பேச்சில்தான் தொடங்கினேன். இங்கே முதலில் கரும்பலகையில் எழுதினேன்: 30031 = 59 × 509.

"நான் கேட்ட கேள்வி தப்பு," என்றேன். "இது பகா எண் இல்ல. பகு எண். எனக்கு இதக் கண்டுபிடிச்சுச் சொன்னது இந்த வகுப்புல உள்ள ஒரு ஆளு."

தலைகள் அங்கும் இங்கும் திரும்பின. "ஏட்டி, நீயா?" என்று ஒரு குரல். மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில், ஒல்லியான ஒரு பெண் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காளீஸ்வரி, தப்புன்னு நினைச்சா அடிச்சே?"

எழுந்து நின்றாள். "இல்ல சார். மீதி ஜீரோ வந்ததும் திருப்பிப் பெருக்கிப் பாத்தேன். சரியாத்தான் வந்துச்சு. பொறவு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸுல வச்சு ஐநூத்தி ஒம்பது உடையுதான்னும் பாத்தேன். உடையல."

"அப்ப நீ சொன்னது சரின்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் அடிச்சே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டுமே என்ற அக்கறைதான் முகத்தில் இருந்தது. "கேள்வித்தாள்லயே அப்படிப் போட்டிருக்குல்லா சார். அத எடுத்தவிய பெரிய ஆளால்லா இருப்பாவ. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

உங்களுக்குச் சொல்லவேண்டியது எல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. நான் அதற்கு மேல் விளக்கப்போவதில்லை. அதன் பிறகு நான் எடுத்த எந்தத் தாளிலும் 'பகா எண் எனக் காட்டுக' என்று கேட்டதில்லை. 'பகா எண்ணா? ஆராய்க' என்றுதான் கேட்டேன். 'இல்லை' என்று எழுதவும் பிள்ளைக்கு இடம் வேண்டும்.

"எனக்குத் தெரியாததுதான் உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்று மட்டும் அவளிடம் சொன்னேன். உட்காரச் சொன்னேன். பாடவேளை முடிய இன்னும் நேரமிருந்தது. அடுத்த பகா எண்ணான பதினேழையும் சேர்த்துப் பெருக்கி, ஒன்றைக் கூட்டிப் பலகையில் எழுதினேன். 510511.

"இது பகா எண்ணா, பகு எண்ணா? எனக்கும் தெரியாது."

"நெசமாவே தெரியாதா சார்?"

"நெசமாவே தெரியாது."

நோட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒருவன் இரண்டில் இருந்து தொடங்கப் போனான். பக்கத்தில் இருந்தவள் அவன் நோட்டில் தட்டி, "ஏலே, பதினேழு வரைக்கும் மீதி ஒன்னுதாம்லே வரும். பத்தொம்பதுல இருந்து போடு" என்றாள். ஆசிரியையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பின்பெஞ்சில் இருந்து ஒரு கூச்சல்: "சார், போயிருச்சு! பத்தொம்பதுலயே போயிருச்சு!" கத்தியது யாரென்று பார்த்தேன். ஆசிரியை என் பக்கம் குனிந்து, "அவன்தான் சார்" என்றார். பின்ன விடையை அடித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவன்.

காளீஸ்வரி மட்டும் நிமிரவில்லை. பத்தொன்பது போக மீதமிருந்த ஈவு 26869. அது உடைகிறதா என்று வகுத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. எல்லோரும் போனார்கள்.

சாயங்கால பஸ்ஸில் நான் நடுவில் ஒரு சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் முன்னால் பெண்கள் கூட்டத்துக்குள், மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக இருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டு, நின்றதும் எழுதினாள். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கில் இறங்கினாள். பஸ் நகரும் நேரத்தில் சன்னலுக்குக் கீழே ஓடிவந்து, மூச்சு வாங்க, "சார், தொண்ணூத்தி ஏழு!" என்று கத்தினாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துநர், "எவ்வளவு மார்க்காம் சார், தொண்ணூத்தி ஏழா?" என்று கேட்டார்.

"அதவிடக் கூட," என்றேன்.

பயணச்சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஈவு 277. அது உடையுமா என்று பார்த்து முடிப்பதற்குள் நாகலாபுரம் வந்துவிட்டது.